கிராஃபீன் எங்கே போயிற்று? நானோ பொருட்கள் பற்றி ஒரு விவாத இழை

9 அக்டோபர் 2025, வாசகர் ஒருவர்:

கிராஃபீன், அதாவது ஒரே அணுக் கனமுள்ள கார்பன் தாள், 2004-இல் வந்தது. எஃகைவிட 200 மடங்கு வலிமை, சிலிக்கானின் கதை முடிந்தது என்றெல்லாம் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். இப்போது என் பையன் பள்ளிக்கூடம் போகிறான், அவன் படிப்பதும் அதே வரிகள்தான். நேற்று வேதியியல் நோபலை மறுபடி ஏதோ நுண்துளைப் பொருளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பரிசு வருகிறது, பொருள் வருவதில்லை. நானோ என்பது ஆராய்ச்சிக்குப் பணம் வாங்க ஒரு மந்திரம், அவ்வளவுதான் என்பது என் கட்சி. முடிந்தால் மறுத்துப் பேசுங்கள்.

9 அக்டோபர், இரவு

கிராஃபீன் பற்றிச் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு என் பதில்: "நானோ" என்று பெரிதாக அச்சடித்து விற்கிற சரக்கில் பெரும்பாலும் விஷயம் இருக்காது. விஷயம் இருக்கிற சரக்கில் அந்தப் பெயரையே போட மாட்டார்கள். அதனால்தான் வந்தது உங்கள் கண்ணில் படவில்லை.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க், இரண்டு பேரும் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். இரும்பையும் குரோமியத்தையும் சில நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனத்தில் மாறி மாறி அடுக்கினால், காந்தப்புலம் பட்டதும் மின்தடை தடாலென்று இறங்குகிறது. 1997-இல் ஐபிஎம் அதை ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையில் வைத்துவிட்டது. இருவருக்கும் நோபல் வந்தது 2007-இல். பொருள் கடைக்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் பரிசு. நீங்கள் சொன்ன வரிசை இங்கே அப்படியே தலைகீழ். "நானோ ஹார்ட் டிஸ்க்" என்று யாராவது கேட்டு வாங்கினோமா?

இன்னொன்று, கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்த ரேபிட் டெஸ்ட். அதில் தெரிந்த சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம். சில பத்து நானோமீட்டர் தங்கத் துகள்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டால் கோடு தெரியும். (நீலக் கோடு வருகிற பட்டைகள் வேறு. அவற்றில் சாயம் ஏற்றிய லேடெக்ஸ் மணிகள்.)

10 அக்டோபர்

தங்கம் எப்படிச் சிவப்பாகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கேட்காமல் நானோவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகிவிட்டால், ஒளி பட்டதும் அந்த எலக்ட்ரான் கூட்டம் மொத்தமும் ஒன்றாக ஊசலாடுகிறது. தங்கத்தில் அந்த ஊசலாட்டம் பச்சை ஒளியோடு ஒத்துப்போகும். பச்சையை விழுங்கிவிட்டால் நமக்கு மிஞ்சுவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1850-களிலேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைச் செய்து, துகளின் அளவுதான் நிறத்துக்குக் காரணம் என்று யூகித்துவிட்டார். அவர் செய்த புட்டிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. நானோ என்ற பேச்சே இல்லாத காலம் அது.

இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் மேற்பரப்பு. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். எடை அதேதான், பொருளும் அதேதான். ஆனால் கிட்டத்தட்ட எல்லா அணுவும் வெளிப்பக்கம் வந்துவிட்டது. வெளியே இருக்கிற அணுவுக்குப் பிடிமானம் குறைவு, அதனால் சும்மா இருக்காது. சும்மா கிடக்கும் உலோகம் என்று பேர் வாங்கிய தங்கம்கூட, சில நானோமீட்டர் துகளாக இருந்தால் கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கி ஆகிவிடுகிறது. உறைநிலைக்குக் கீழேயும் வேலை செய்கிறது. ஜப்பானின் மசடாகே ஹருடா 1980-களில் காட்டியது இது.

மூன்றாவது, எலக்ட்ரானுக்கு இடம் நெருக்குவது. குறைகடத்திப் படிகத்தைச் சில நானோமீட்டருக்குச் சுருக்கினால், உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகள் விலகிப் போகும். படிகம் சிறியதானால் நீலப் பக்கம் ஒளிரும், பெரியதானால் சிவப்பு. இதுதான் குவாண்டம் புள்ளி. சோவியத் நாட்டில் எகிமோவ் கண்ணாடிக்குள்ளே கண்டார். அது தெரியாமலே அமெரிக்காவில் லூயிஸ் புரூஸ் திரவத்தில் கண்டார். 1993-இல் பவெண்டி எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் சமைக்க வழி சொன்னார். மூவருக்கும் 2023-இல் நோபல். அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பே பெயர்கள் கசிந்து ஸ்வீடன் பத்திரிகையில் வந்துவிட்டது தனிக் கூத்து.

இதுவும் கடைக்கு வந்துவிட்டது. கியூஎல்இடி என்று போட்டிருக்கும் டிவியில் நீல விளக்கின் ஒளியைச் சுத்தமான பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுவது இந்தப் புள்ளிகள்தான். நல்ல புள்ளிகளை முதலில் காட்மியத்தில் செய்தார்கள். அது நச்சு என்பதால் இப்போது பெரும்பாலும் இண்டியம் பாஸ்பைடு.

12 அக்டோபர்

கிராஃபீனுக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்தக் கடுப்பு உண்டு.

எங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்டிக்கில் கலந்து பார்க்க கிராஃபீன் தூள் வரவழைத்தோம். "ஒன்றிலிருந்து மூன்று அடுக்கு" என்று புட்டியில் எழுதியிருந்தது. கூடவே ஒரு சான்றிதழ். அதில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த அழகான படம், பட்டுத்துணி போல மெல்லிய, கண்ணாடி போலத் தெளிவான ஒரு தாள். கலந்தோம், எதுவும் நடக்கவில்லை. பிளாஸ்டிக் அப்படியே இருந்தது, நிறம் மட்டும் கறுத்தது. சந்தேகப்பட்டு ராமன் கருவியில் வைத்தேன் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காண்பது). ஒற்றை அடுக்கு கிராஃபீனாக இருந்தால் 2,700 அலைஎண் பக்கத்தில் ஒரு கூரான, ஒற்றைச் சிகரம் உயரமாக எழும்பி நிற்க வேண்டும். எனக்குக் கிடைத்தது குட்டையாக, ஒரு பக்கம் தோள் தட்டிய சிகரம். அது கிராஃபைட்டின் கையெழுத்து. எங்கே தொட்டாலும் அதேதான். பென்சில் கரியை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

இதில் விற்றவர்கள் பொய்ப் படம் போட்டார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: திரையில் அசிங்கமாக நூறு துகள் ஓடும், நல்லதாக ஒன்று வந்ததும் நிறுத்திப் படம் எடுப்போம். சான்றிதழில் இருந்தது அந்த ஒன்று. புட்டியில் இருந்தது அந்த நூறு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் படங்களையும் இந்தக் கண்ணோடுதான் இப்போது பார்க்கிறேன்.

எங்களுக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை. சிங்கப்பூர் ஆய்வுக்குழு ஒன்று 60 நிறுவனங்களின் கிராஃபீனை வாங்கிச் சோதித்து 2018-இல் வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. பாதிக்கு மேல் வைத்திருந்த நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. "கிராஃபீன் கலந்து பார்த்தோம், பலன் இல்லை" என்று முடிவு கட்டிய கட்டுரைகளில் எத்தனை பேர் கையில் கிராஃபைட் இருந்ததோ.

வலிமைக் கணக்கு பொய்யில்லை. 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒற்றைத் தாளை நுண் ஊசியால் குத்திக் கிழித்து அளந்தார்கள், 130 கிகாபாஸ்கல். நோபல் குழுவே 2010-இல் ஒரு விளக்கம் கொடுத்தது: ஒரு சதுர மீட்டர் கிராஃபீனில் ஊஞ்சல் கட்டினால் 4 கிலோ பூனை படுக்கலாம், ஊஞ்சலின் எடையோ பூனையின் ஒற்றை மீசை முடி அளவு, 0.77 மில்லிகிராம். குறையே இல்லாத ஒரு சதுர மீட்டர் தாள் இருந்தால், என்பதுதான் அதில் சின்ன எழுத்து. பூனை இன்னும் காத்திருக்கிறது.

சிலிக்கானை ஒழிக்கும் பேச்சும் ஆரம்பத்திலேயே ஓட்டை. கிராஃபீனில் பட்டை இடைவெளி கிடையாது, அதாவது மின்சாரம் ஓட எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை இல்லை. அதில் செய்த டிரான்சிஸ்டரை அணைக்கவே முடியாது, எப்போதும் கசியும். அணைக்க முடியாத சுவிட்சை வைத்து என்ன கணினி செய்வது? 2024 ஜனவரியில் வால்ட் டி ஹீர் என்ற இயற்பியலாளரின் குழு சிலிக்கான் கார்பைடின் மேல் வளர்த்த கிராஃபீனில் 0.6 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியைக் காட்டினார்கள். நல்ல வேலை. அதை எல்லோரும் பெரிய அளவில் செய்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

12 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

விண்வெளிக்கு லிஃப்ட் கட்ட கார்பன் நானோகுழாய் (கிராஃபீன் தாளைச் சுருட்டிய மாதிரிக் குழாய்) போதும் என்கிறாரே ஒருவர். குறையில்லாமல் வளர்த்த நீளமான ஒற்றைக் குழாய் அரை மீட்டர் சொச்சம், பெய்ஜிங்கில் 2013-இல். லிஃப்ட்டுக்குத் தேவை 36,000 கிலோமீட்டருக்கு மேல். மீதியை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

15 அக்டோபர்

"என் போனில் 3 நானோமீட்டர் சிப் இருக்கிறது, அதைவிட நானோ வேண்டுமா?" என்று கேட்டவருக்கு.

அந்த 3 நானோமீட்டர் ஒரு பெயர். சிப்பில் எதை அளந்தாலும் அந்த எண் வராது. அந்தத் தலைமுறையில் ஒரு கேட்டுக்கும் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் மின்முனை) அடுத்த கேட்டுக்கும் இடைவெளி 45-லிருந்து 50 நானோமீட்டர். மிக நெருக்கமான கம்பிகள் 20-க்கு மேல். ஒரு காலத்தில் அந்த எண் கேட்டின் நீளத்தைக் குறித்தது. பிறகு அளவு வேறு பக்கம் போய்விட்டது, எண் மட்டும் விற்பனைக்காகக் குறைந்துகொண்டே வருகிறது. முதல் நாள் நான் சொன்ன விதி இங்கேயும் செல்லும்: பெயரில் இருக்கிற நானோமீட்டரை நம்பாதீர்கள்.

ஆனால் அந்தச் சிப்பை நானோ இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கே இருக்கிறது என்றால், கனத்தில். டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும் தகடு ஐந்தாறு நானோமீட்டர் கனம். அதைச் சுற்றியிருக்கும் மின்காப்புப் படலம் இன்னும் மெல்லியது. அந்தப் படலம் முன்பு சிலிக்கான் டை ஆக்சைடாக இருந்தது. அதை 1.2 நானோமீட்டர் வரை தேய்த்துப் பார்த்தார்கள். சில அணுக்களின் கனம்தான், எலக்ட்ரான் சுவரைத் துளைத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது, சிப் சூடேறியது. 2007-இல் இன்டெல் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு மாறியது. கனம் கூடுதலாக வைத்தாலும் அதே வேலை நடக்கும், கசிவு குறையும்.

அப்படி ஒரு படலத்தை, மேடு பள்ளம் எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில், அணு அடுக்கு அடுக்காகப் படியவைப்பது எப்படி? ஒரு வாயுவை விடுவது, அது பரப்பில் ஒரே அடுக்கு ஒட்டியதும் இடம் தீர்ந்து நின்றுவிடும். மிச்சத்தை ஊதிவிட்டு இரண்டாவது வாயு. அது முதல் அடுக்கோடு வினைபுரிந்து அதுவும் நின்றுவிடும். திரும்ப முதல் வாயு. இவ்வளவுதான். பின்லாந்தின் துவோமோ சுந்தோலா 1974-இல் செய்தது, அப்போது நோக்கம் மெல்லிய ஒளித்திரை. இன்று இந்த அணு அடுக்குப் படிவு இல்லாமல் முன்னணிச் சிப் எதுவும் கிடையாது. யாரைக் கேட்டாலும் கிராஃபீன் தெரியும், இது தெரியாது. என் கையில் ஓட்டு இருந்தால் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு இதற்குத்தான்.

19 அக்டோபர்

பேட்டரி. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், இப்போது நடந்துகொண்டிருப்பது இது.

புதுப் போன்களில் 6,000, 7,000 மில்லியாம்பியர்-மணி என்று வருகிறதே, போன் தடிக்காமல் எப்படி? சார்ஜ் ஏறும்போது லித்தியத்தைப் பிடித்து வைக்கும் மின்முனையான ஆனோடில் கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்க்கிறார்கள். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லியாம்பியர்-மணி அளவுக்கு லித்தியம் பிடிக்கும், சிலிக்கான் சுமார் 3,600. பத்து மடங்கு வித்தியாசம் பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பயன்படுத்த முடியாததற்குக் காரணம், லித்தியத்தை வாங்கிய சிலிக்கான் மும்மடங்குக்கு மேல் ஊதும், விட்டால் சுருங்கும். சில சுற்றுகளில் நொறுங்கிப் பொடியாகிவிடும்.

ஆனால் எல்லாத் துகளும் நொறுங்குவதில்லை. சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே உள்ள சிலிக்கான் துகள் ஊதினாலும் விரிசல் விடாது. 2012-இல் மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே சார்ஜ் ஏற்றிப் பார்த்து நிறுவினார்கள். விரிசல் ஓட வேண்டுமானால் அதற்குச் சேர்த்து வைத்த ஆற்றல் வேண்டும், சின்னத் துகளில் அவ்வளவு சேராது.

அப்படியானால் துகளைச் சின்னதாக்கினால் போதுமா? போதாது, இங்கேதான் 10-ஆம் தேதி எழுதிய மேற்பரப்புக் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சின்னத் துகள் என்றால் ஏகப்பட்ட மேற்பரப்பு. மேற்பரப்பு எல்லாம் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தோடு வினைபுரிந்து லித்தியத்தைத் தின்னும். ஊதிச் சுருங்கும்போது மேல்படலம் பிய்ந்து மறுபடி தின்னும். நானோ சிலிக்கான் கட்டுரைகள் 2008-லிருந்து குவிந்தும் போனுக்கு வராததற்கு இதுதான் காரணம். வழி கண்டது எப்படியென்றால், முதலில் நுண்துளைகள் நிறைந்த கார்பனைச் செய்துவிட்டு, சிலிக்கான் கொண்ட சிலேன் வாயுவை உள்ளே விட்டு, துளைகளுக்குள்ளேயே சிலிக்கானைப் படியவைத்தார்கள். கொஞ்சம் இடம் காலியாக விட்டு. ஊதுவதற்கு உள்ளேயே இடம் உண்டு, மின்பகுளி பார்ப்பது வெளியே இருக்கும் கார்பனை மட்டும். 2023-இல் ஹானர் போனில் முதலில் வந்தது, இப்போது சீன நிறுவனங்கள் பலவும் போடுகின்றன. விளம்பரத்தில் சிலிக்கான்-கார்பன் என்றுதான் இருக்கும். நானோ என்று யாரும் எழுதுவதில்லை, கவனித்தீர்களா?

மின்வண்டிகளில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டும் இதே கதை. 1997-இல் குடெனஃப் குழு வெளியிட்டபோது அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத மந்தப் பொருள். துகளைச் சில நூறு நானோமீட்டருக்கும் கீழே குறைத்து, மேலே கார்பன் பூசிய பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

20 அக்டோபர்

பேட்டரி உப்பிவிடுமா என்று பயப்படுபவருக்கு: ஆனோடில் சிலிக்கான் இன்னும் சிறு பங்குதான், பெரும்பகுதி கிராஃபைட். கிராஃபைட்டும் பத்து சதவீதம் போல ஊதி இறங்குவதுதான். ஆயுள் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சார்ஜ் சுற்று எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கொடுக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

27 அக்டோபர்

மருந்து பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. நானோ ரோபோ ரத்தத்தில் நீந்திப் போய்ப் புற்றுநோயைக் கொல்வது எப்போது என்கிறார்கள்.

ஒரு எண் சொல்கிறேன். டொராண்டோவில் வாரன் சான் குழு பத்தாண்டு ஆய்வுகளை மொத்தமாக அலசி 2016-இல் வெளியிட்டது. உடம்பில் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடு மதிப்பாக, 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. மீதி பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிக்கிவிடுகிறது. ரத்தத்தில் வருகிற அந்நியத் துகளை அள்ளுவதுதான் அவற்றின் வேலை, சரியாகவே செய்கின்றன.

அந்த எண்ணைப் படித்த பிறகு நானோ மருந்து என்றாலே எனக்கு ஒரு அலட்சியம் இருந்தது. இப்போது அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதாக, கட்டிக்குப் போகும் பங்கு குறைவாக இருந்தாலும் இதயத்துக்குப் போகும் பங்கைக் குறைத்தாலே நோயாளிக்கு லாபம். கொழுப்புக் குமிழுக்குள் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்த டாக்ஸில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, இதயப் பாதிப்பு குறைகிறது என்பதுதான் அதன் பெரிய பலம். இரண்டாவது இன்னும் சுவாரசியம்: எல்லாம் கல்லீரலுக்குத்தான் போகிறதா, சரி, கல்லீரல் நோய்க்கே மருந்து செய்வோம் என்று சிலர் திரும்பினார்கள். 2018-இல் வந்த ஆன்பாட்ரோ அப்படிப்பட்டது. தவறான புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதால் வரும் ஒரு பரம்பரை நோய்க்கு, அந்த உற்பத்தியை நிறுத்தும் ஆர்என்ஏவைக் கொழுப்பு நானோ துகளில் வைத்து அனுப்புகிறார்கள். ரத்தத்தில் இறங்கியதும் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் அந்தத் துகளில் வந்து ஒட்டுகிறது. கல்லீரல் அதை வழக்கமான கொழுப்பு என்று நினைத்துத் தானே உள்ளே வாங்கிக்கொள்கிறது.

அந்தக் கொழுப்புத் துகள் தொழில்நுட்பம் தயாராக இருந்ததால்தான் 2020-இல் எம்ஆர்என்ஏ தடுப்பூசி அவ்வளவு வேகமாக வந்தது. ஆர்என்ஏவை வெறுமனே ஊசி போட்டால் நொடியில் சிதைந்துவிடும். துகளில் நான்கு கொழுப்புகள். அதில் ஒன்று கெட்டிக்காரக் கொழுப்பு: ரத்தத்தின் அமில-கார நிலையில் (pH) மின்னூட்டம் இல்லாமல் சாதுவாக இருக்கும், செல்லுக்குள் அமிலப் பைக்குள் போனதும் நேர்மின்னூட்டம் பெற்று, பையைக் கிழித்து ஆர்என்ஏவை வெளியே விடும். நானோ ரோபோ கேட்டவரே, இப்போதைக்கு ரோபோ என்று சொல்லத்தக்கது இதுதான். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. 2025-இல் ஃபிலடெல்பியாவில் ஒரு குழந்தையின் அரிய மரபுக் கோளாறைத் திருத்த, அந்தக் குழந்தைக்கென்றே செய்த மரபணுத் திருத்தியைக் கல்லீரலுக்குக் கொண்டுபோனதும் இதே வகைத் துகள்தான்.

தடுப்பூசியில் கிராஃபீன் ஆக்சைடு இருக்கிறது, கையில் காந்தம் ஒட்டுகிறது என்று 2021-இல் சுற்றிய வாட்சப் செய்தி இந்த இழைக்கும் வந்துவிட்டது. கிராஃபீன் காந்தத்தில் ஒட்டாது. அதில் கிராஃபீனும் கிடையாது. கிராஃபீன் என்று எழுதிய புட்டியிலேயே கிராஃபீன் இல்லை, எழுதாத புட்டியில் எப்படி இருக்கும்?

3 நவம்பர்

இழையைத் தொடங்கியவர் இன்னும் நோபல் துளைப் பொருளை விடவில்லை. சரி.

உலோக அணுக்களை மூட்டுகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய உலோக-கரிமச் சட்டகம் (MOF) அது. உள்ளே எல்லாம் வெற்றிடம், துளைகள் ஒரு நானோமீட்டர் சுமார். பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ரிச்சர்ட் ராப்சன் மெல்போர்னில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்ய மரப்பந்துகளில் துளை போடச் சொன்னார். துளையின் இடங்களே வடிவத்தைத் தீர்மானிப்பதைப் பார்த்து, நிஜ அணுக்களோடு இதைச் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1989-இல் வெளியிட்டார். அவருடைய சட்டகங்கள் சரிந்துவிடும். கியோட்டோவில் சுசுமு கிடகாவா 1997-இல் வாயு உள்ளே போய் வெளியே வந்தாலும் நிற்கிற சட்டகத்தைச் செய்தார், 1999-இல் ஓமர் யாகி செய்தது 300 டிகிரி சூட்டிலும் நின்றது. இப்போதைய சிறந்தவற்றில் ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டர் தாண்டிய மேற்பரப்பு. நான் கனசதுரத்தை நறுக்கிக் காட்டிய கணக்கை இவர்கள் நறுக்காமலே தாண்டிவிட்டார்கள்.

பத்திரிகைகள் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதையே எழுதுகின்றன. நடக்கிறது, யாகி குழு அரிசோனாவில் செய்து காட்டியது. ஆனால் என் எதிர்பார்ப்பு அதில் இல்லை. கனடாவில் கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகத்தைச் சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்த வேலையில் பெரும்பாலான சட்டகங்களைக் கவிழ்ப்பது ஈரப்பதம். புகையில் நீராவி இருக்கும், துளையைத் தண்ணீர் நிரப்பிவிடும். இது ஈரத்திலும் கரியமில வாயுவை முதலில் எடுக்கிறது, நீராவியில் கழுவினாலும் தாங்குகிறது, டன் கணக்கில் தயாரிக்கவும் முடிகிறது. பரப்பளவில் சாதனை எதுவும் கிடையாது, சுமாரான சட்டகம்தான். ஈரத்தில் நிற்கிறது என்பதற்காகவே அதை வைத்துக்கொண்டார்கள்.

சிப் தொழிற்சாலைகளில் ஆர்சின் மாதிரி கொடிய வாயுக்களை உருளையில் அழுத்தத்தில் அடைக்காமல் இந்தச் சட்டகங்களில் உறிஞ்ச வைத்து எடுத்துப் போவதும் ஏற்கெனவே வியாபாரமாக நடக்கிறது. கசிந்தாலும் வெளியே பாயாது. பரிசு வந்தது, பொருளும் வந்தது.

9 நவம்பர்

ஆபத்து பற்றி நான் பேசவே இல்லை என்று ஒருவர் கோபித்திருக்கிறார். நியாயம்.

நீளமான, விறைப்பான பல்சுவர் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு) கார்பன் நானோகுழாய் எலியின் உடம்பில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) செய்கிற மாதிரியே அழற்சி உண்டாக்கியது என்று 2008-இல் வந்தது. நீளம்தான் பிரச்சினை: உடம்பின் துப்புரவுச் செல்களால் முழுதாக விழுங்க முடியாது, பாதி விழுங்கித் திணறும். குட்டையாகச் சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அந்த விறைப்பான வகை ஒன்றை "புற்றுநோய் வரவைக்கக்கூடும்" பட்டியலில் 2014-இல் சேர்த்தது, மற்றவற்றை வகைப்படுத்தச் சான்று போதவில்லை என்றது. "நானோ ஆபத்தா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பொருள், என்ன வடிவம், மூச்சில் போகிறதா, பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். நாங்கள் தூளாக இருக்கும்போது மட்டும் கையுறையும் முகமூடியும் போட்டு, உறிஞ்சு பெட்டிக்குள் கையாளுவோம். திரவத்தில் கலந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

வெள்ளி நானோ காலுறை? 2008-இல் அரிசோனாவில் துவைத்துப் பார்த்தார்கள், சில காலுறைகளில் சில சலவையிலேயே வெள்ளி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அந்த வெள்ளி ஆற்றுக்குப் போனால் மீனுக்கும் கேடு. பெயரில் நானோ இருந்தது.

16 நவம்பர்

அக்டோபர் 12-ஆம் தேதி கிராஃபீனை ரொம்பவே திட்டிவிட்டதாக ஒரு இயற்பியல் மாணவி எழுதியிருக்கிறார். சந்தை பற்றி எழுதியதை மாற்றப் போவதில்லை. ஆய்வகம் பற்றி அவர் சொல்வது சரி, அதைச் சேர்க்கிறேன்.

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கொஞ்சம் திருப்பினால் பெரிய பெரிய கோலம் ஒன்று தோன்றும். இரண்டு கிராஃபீன் தாள்களிலும் அப்படித்தான். 2011-இல் டெக்சாஸில் பிஸ்ட்ரிட்ஸர், மெக்டொனால்ட் இருவரும் கணக்குப் போட்டு, சுமார் 1.1 டிகிரி திருப்பினால் எலக்ட்ரான்கள் வேகமிழந்து ஒன்றையொன்று கவனிக்க ஆரம்பிக்கும் என்றார்கள். 2018-இல் எம்ஐடியில் யுவான் காவ், ஹரியோ-ஹெரேரோ குழு செய்து பார்த்தது. 1.7 கெல்வினில் (சுமார் மைனஸ் 271 டிகிரி) அது மீகடத்தி ஆகிவிட்டது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடியது. வெறும் கார்பன். எதுவும் கலக்கவில்லை, கோணத்தை மட்டும் திருப்பினார்கள். பக்கத்தில் மின்னழுத்தத்தை மாற்றினால் அதே துண்டு மின்காப்பியும் ஆகிறது. மற்ற பொருட்களில் ஒவ்வொரு கலவைக்கும் புதிதாகப் படிகம் வளர்க்க வேண்டியதை இங்கே ஒரு குமிழைத் திருகிச் செய்யலாம்.

1.7 கெல்வினில் யாருக்கும் மின்சாரம் அனுப்ப முடியாது. இதிலிருந்து பொருள் வராது என்றே நினைக்கிறேன், வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. மீகடத்தல் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல ஜன்னல். தூள் விற்கிறவர்கள் இதைக் காட்டித் தூள் விற்காமல் இருந்தால் போதும்.

30 நவம்பர்

கடைசியாக வந்த கேள்வி: கிராஃபீன் இல்லையென்றால் வேறு எந்தச் சில அணுக் கனத் தாளாவது சிலிக்கானைத் தொடுமா?

மாலிப்டினம் டைசல்பைடு. மூன்று அணுக் கனம், பட்டை இடைவெளி உண்டு, அணைத்தால் அணையும். 2025-இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகம் அதில் 5,900 டிரான்சிஸ்டர் கொண்ட 32-பிட் செயலி செய்து வெளியிட்டது. ஓடும் வேகம் கிலோஹெர்ட்ஸ் அளவில்தான், போன் சிப்பில் டிரான்சிஸ்டர்கள் ஆயிரம் கோடிக்கு மேல். கேலி செய்யலாம். ஆனால் 1971-இல் இன்டெலின் முதல் செயலியில் 2,300 தான் இருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது எண்ணிக்கை இல்லை, சிப் செய்யும் தட்டு முழுக்கத் தாளை வளர்த்து அத்தனையும் சேர்ந்து வேலை செய்ய வைத்தது. நான் புட்டியில் வாங்கிய தூளில் நல்ல துகள் ஒன்று இருந்தால் படம் எடுக்கலாம். இங்கே 5,900-இல் ஒன்று கெட்டாலும் கணக்குத் தப்பும்.

அதில் இன்னும் தீராதது உலோகக் கம்பியை அந்தத் தாளோடு இணைக்கும் இடம். அங்கே மின்தடை அதிகம், பிஸ்மத், ஆன்டிமனி என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள், எனக்குக் கேள்விகள் இருக்கின்றன.